ஒரு சாண் வயர்

உட்காருங்கம்மா. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உட்காருங்க. பூங்கொடின்னுதானே சொன்னீங்க? நீங்க வேலைக்குச் சேர்ந்தப்போ நான் வெளியே வந்துட்டேன், அதான் முகம் தெரியலை.

ஜெசிந்தா மேடம் ரிட்டயர் ஆகுறாங்க, விழா மலர் போடுறோம், நீங்க ரெண்டு பக்கம் எழுதித் தரணும்னு போன்ல கேட்டீங்க. அப்பவே முடியாதுன்னு சொல்லியிருக்கணும். சொல்லலை. நேர்ல வாங்கன்னு சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்னு அப்புறம் எனக்கே தெரியலை. யாராவது ஒருத்தர் என் பக்கத்தையும் கேட்கட்டுமேன்னு தோணியிருக்கும். எழுதியெல்லாம் தரமாட்டேன். வாயால சொல்லுறேன். எடுக்கிறதை எடுத்துக்கோங்க, விடுறதை விட்டுடுங்க.

முப்பத்தோரு வருஷம்மா. அவ தூத்துக்குடி, நான் சங்கரன்கோயில். பெங்களூருக்கு வந்து ஹாஸ்டல்ல ஒரே அறை. எனக்குக் கன்னடம் தெரியாது, அவளுக்கு இந்தி தெரியாது, ரெண்டு பேருக்கும் சப்பாத்தி இறங்காது. ராத்திரி ரசத்துக்கு ஏங்கிக்கிட்டு உட்கார்ந்திருப்போம். என்னை 'ஏட்டி கோமு'ன்னு கூப்பிட இந்த ஊர்ல அவ ஒருத்திதான் இருந்தா. இப்போ யாரும் இல்ல. என் வீட்டுக்காரர் கோமதின்னு முழுசாத்தான் கூப்பிடுவார்.

வேலையில அவ வெப்பம், நான் காந்தம். நாங்க அனுப்பின விண்கலத்துல ஒவ்வொரு பாகமும் சூட்டுல வேகாம, குளிர்ல விறைக்காம பார்த்துக்கிறது அவ வேலை. கலத்தைச் சுத்தி இருக்கிற காந்தப்புலத்தை அளக்கிற கருவி என்னோடது. ஒரு நீளமான கம்பத்து நுனியில அது இருக்கும். உங்களுக்குத் தெரியாததா. ஆனா மலரைப் படிக்கிறவங்களுக்கு நீங்க சொல்லணும் இல்லையா, அதனால சுருக்கமா சொல்லிடுறேன்.

சூரியன் சில சமயம் தன் மேல இருக்கிறதையே பிய்ச்சு வீசும். கோடிக்கணக்கான டன். அது காந்தப்புலத்தையும் சுருட்டிக்கிட்டு வெளியே ஓடி வரும். பூமிப் பக்கம் வந்தா சாட்டிலைட் கெடும், கரண்ட் லைன் எல்லாம் தடுமாறும். வெடிச்சதைப் படத்துல பார்த்துடலாம். எப்போ வந்து சேரும்ங்கிறதுதான் தெரியாது. ரெண்டு நாளும் ஆகும், மூணு நாளும் ஆகும். கணக்குப் போட்டா அரை நாள் முன்னப் பின்ன போகும். அதுக்குத்தான் சூரியன் பக்கமா பதினஞ்சு லட்சம் கிலோமீட்டர் தள்ளி நம்ம கலத்தை நிறுத்தி வச்சிருக்கோம். வர்றது முதல்ல அதுமேல மோதும். மோதின உடனே நமக்குத் தெரியும். தெரிஞ்சதுக்கப்புறம் பூமிக்கு இருக்கிற நேரம் முக்கால் மணி. அவ்வளவுதான். முக்கால் மணி நேரத்துல கரண்ட்காரங்க என்ன பண்ண முடியும்? போன் எடுக்கிறதுக்கே பத்து நிமிஷம் ஆகும்.

அந்த முக்கால் மணியை நாலு மணி ஆக்கினேம்மா நான்.

கலம் போன ரெண்டாவது வருஷம். மோதலுக்கு நாலு மணி நேரம் முன்னாடி என் கருவியோட கோட்டுல ஒரு சின்னச் சரிவு. ரொம்பச் சின்னது. வேற யாரா இருந்தாலும் இரைச்சல்னு விட்டிருப்பாங்க. நான் விடலை. அடுத்த வெடிப்புல பார்த்தேன், அங்கேயும் இருந்துச்சு. அதுக்கடுத்ததுலயும். ஏழு வெடிப்பு, ஏழுலயும் சரிவு. புயல் வர்றதுக்கு முன்னாடி காத்து ஒரு மாதிரி நிக்குமே, அது மாதிரி விண்வெளியில ஏதோ முன்கூட்டியே நடக்குதுன்னு எழுதினேன். கட்டுரை வெளிவந்துச்சு. ஜெர்மனியில இருந்து, ஜப்பான்ல இருந்து கடிதம். டைரக்டர் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்துல உட்கார வச்சுப் பேசினார். அதுக்கு முன்னாடி இருபத்தேழு வருஷத்துல டைரக்டர் அறையில நான் நின்னுக்கிட்டுத்தான் பேசியிருக்கேன்.

கட்டுரையில ரெண்டாவது பேர் ஜெசியோடது. நான்தான் போட்டேன். அவ அதுல ஒரு வரி எழுதலை. கலத்தோட வெப்பநிலை விவரம் கொடுத்தா, அவ்வளவுதான். இருந்தாலும் போட்டேன். படிச்சுப் பார்த்தியாட்டின்னு கேட்டேன். 'நீ எழுதினதை நான் என்னத்தைப் படிக்க, கையெழுத்து எங்கே போடணும்'னு கேட்டா. அப்படி இருந்த மனுஷி.

முதல்ல கேன்டீன்ல ஆரம்பிச்சா. கட்டுரை வந்து நாலு மாசம் இருக்கும். தட்டை வச்சுட்டு உட்கார்ந்தவ சாப்பிடவே இல்லை.

"ஏட்டி, உன் சரிவு வர்ற நேரமெல்லாம் கேமரா அணைஞ்சிருக்கு. பாத்தியா?"

கேமரான்னா சூரியனைப் படம் பிடிக்கிற கருவி. வெடிச்சு வர்றது மோதுறதுக்கு நாலஞ்சு மணி நேரம் முன்னாடியே, அதுக்கு முன்னால ஓடி வர்ற வேகமான துகள்கள் வந்து அடிக்கும். அது அடிச்சா கேமரா கெட்டுப்போகும்னு கலத்துல இருக்கிற கம்ப்யூட்டரே அதை அணைச்சு வைக்கும். நான் சொன்னேன், மோதல் நெருங்குற சமயத்துல கேமராவும் அணையும், சரிவும் வரும், நேரம் ஒத்துப்போகத்தானே செய்யும்னு. அவ தயிர்சாதத்தைக் கிளறிக்கிட்டே இருந்தா.

"கேமரா அணைஞ்சா அந்தப் பக்கம் குளிரும். குளிர்ந்தா என் ஹீட்டர் ஓடும்" அப்படின்னா.

"ஓடட்டும். அதுக்குத்தானே ஹீட்டர்" அப்படின்னேன்.

அன்னிக்கு எனக்கு ரேடியோவுல பேட்டி. கிளம்பிட்டேன்.

ரெண்டாவது தடவை வீட்டுக்கே வந்துட்டா. ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டு மணி. சொதி வச்சுக்கிட்டு இருந்தேன், தேங்காய்ப்பால் திரிஞ்சிடும்னு அடுப்பை விட்டு நகர முடியலை. அவ ரெண்டு தாள் கொண்டுவந்திருந்தா. ஒண்ணுல என் சரிவு, ஒண்ணுல அவ ஹீட்டர் ஓடின நேரம். ரெண்டாவதைக் கண்ணாடித் தாள்ல அச்செடுத்திருந்தா, ஒண்ணுமேல ஒண்ணு வச்சுப் பார்க்கிறதுக்கு. அடுக்களை வாசல்ல நின்னுக்கிட்டு, "ஒரே ஒரு நிமிஷம் பாரு கோமு" அப்படின்னா. நான், "ஜெசி, ஞாயிற்றுக்கிழமையாவது மனுஷியா இரு. உட்காரு, சாப்பிட்டுட்டுப் போ"ன்னு சொன்னேன். இதுல என்ன தப்பு? வீட்டுக்கு வந்தவளைச் சாப்பிடத்தானே சொன்னேன். சாப்பிட்டா. சொதி நல்லா இருக்குன்னு சொன்னா. தாளை பிரிட்ஜ் மேல வச்சுட்டுப் போயிட்டா.

இப்படிப்பட்டவளுக்கு நான் என்னென்ன செஞ்சிருக்கேன் தெரியுமா. அவ புருஷன் பிரான்சிஸ் தவறினப்போ மூணு மாசம் பிள்ளையோட என் வீட்டுலதான் இருந்தா. இதோ இந்தக் கூடத்துலதான் படுத்திருந்தாங்க. அந்தப் பிள்ளைக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்பினது நான். நான் வியன்னா மாநாட்டுக்குப் போயிருந்தப்போ எங்கம்மாவை ஆஸ்பத்திரியில பதினோரு நாள் அவ பார்த்துக்கிட்டா, அது சரி, இல்லைன்னு சொல்லலை. ஆனா சொந்தம்னா ரெண்டு பக்கமும்தான் செய்வோம். அதையெல்லாம் மனசுல வச்சிருந்தா அந்த மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் அவ அப்படிச் செஞ்சிருப்பாளா?

அந்த மீட்டிங்குக்கு முந்தின நாள், மாடிப்படியில நிறுத்தினா. அதுதான் மூணாவது தடவை. மறுநாள் பெரிய மீட்டிங். நாப்பது பேர். மின்தொகுப்பு ஆட்கள் டெல்லியில இருந்து வர்றாங்க. என் சரிவை வச்சு ஒரு எச்சரிக்கை ஏற்பாடு. சரிவு தெரிஞ்சா உடனே அவங்களுக்குத் தகவல் போகும், அவங்க லைனை எல்லாம் தயார் பண்ணிக்குவாங்க. அதுக்கு ஒப்புதல் வாங்குற மீட்டிங். ஏற்பாட்டுக்கு என் பேரையே வைக்கலாம்னு டைரக்டர் விளையாட்டாச் சொல்லியிருந்தார். விளையாட்டாத்தான்.

"கோமு, கேமராவுக்கு இப்போ வயசாச்சு. அடுத்த வருஷம் பாதி நாள் அணைச்சுத்தான் வைக்கப் போறாங்க. ஏற்கெனவே அணைஞ்சு கிடந்தா ஹீட்டர் முன்னாடியே ஓடிக்கிட்டிருக்கும், உன் சரிவு புதுசா வராது. வெடிப்பு மட்டும் வரும். சரிவு வரலையேன்னு அவங்க நம்மளை நம்பி உட்கார்ந்திருப்பாங்க" அப்படின்னா.

நான் ஒரு படி இறங்கினேன். அவ விடலை.

"நாளைக்கு நீயே சொல்லிடு. நீ சொன்னா அதுவும் உன் கண்டுபிடிப்புதான். என்னைச் சொல்ல வைக்காத."

பாருங்க. என்னைச் சொல்ல வைக்காத. முப்பது வருஷம் பழகினவ பேசுற பேச்சா இது? மிரட்டல். நான் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன். அவ கண்ணெல்லாம் கலங்கியிருந்துச்சு, அது எதுக்குன்னு எனக்கு இன்னிக்கும் புரியலை. மிரட்டுறவ ஏன் அழணும்? "உனக்குப் பொறாமைட்டி"ன்னு சொல்லிட்டு இறங்கி வந்துட்டேன்.

மறுநாள் நான் நல்லாப் பேசினேன்மா. நாப்பது நிமிஷம். ஏழு வெடிப்பு, ஏழு படம். டெல்லிக்காரர் ஒருத்தர் எழுந்து கைகுலுக்கவே வந்துட்டார். டைரக்டர், கேள்வி உண்டான்னு சம்பிரதாயத்துக்குக் கேட்டார். பின்வரிசையில ஜெசி கையைத் தூக்கினா.

அவ நேரா முன்னாடி வந்தா. கையில தாள் இல்லை. "இந்தக் கட்டுரையில என் பேர் இருக்கு. படிக்காம கையெழுத்துப் போட்டேன். அது முதல் தப்பு" அப்படின்னா. பலகையில வயர் படம் போட்டா. ஹீட்டருக்குப் போற வயரும் திரும்பி வர்ற வயரும் ஒண்ணோட ஒண்ணு முறுக்கியிருக்கணும். முறுக்கியிருந்தா ரெண்டுல ஓடுற கரண்டோட காந்தமும் ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்கும். நம்ம கம்பத்தோட அடியில ஒரு இடத்துல அது முறுக்காம இருக்கு, ஒரு சாண் நீளம். துகள் அடிக்குது, கேமரா அணையுது, அந்தப் பக்கம் குளிருது, ஹீட்டர் ஓடுது, அந்த ஒரு சாண் வயர்ல இருந்து வர்ற காந்தத்தை நுனியில இருக்கிற கருவி அளக்குது. சரிவு சூரியன்ல இருந்து வர்றது இல்லை, நம்ம கலத்துல இருந்தே வர்றதுன்னு சொன்னா. சாதாரணமாச் சொன்னா, பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துற மாதிரி.

டைரக்டர் கேட்டார், "அந்த வயர் அப்படி இருந்ததுக்கு யார் பொறுப்பு?"

"நான்தான் சார். ஹீட்டர் வயர் முழுக்க என் பொறுப்பு. முறுக்காம விட்டது என் தப்பு" அப்படின்னா.

எல்லாரும் அவளைப் பார்த்தாங்க. என்னை யாரும் பார்க்கலை. அப்புறம் பார்த்தாங்க. அந்தப் பார்வை இருக்கே, அதை நான் சொல்ல முடியாது. டெல்லிக்காரர் தன் பைலை மூடுறார், மெதுவா, எனக்கு வருத்தமா இருக்கும்னு சத்தம் வராம மூடுறார்.

என் தப்புன்னு சொல்லிட்டு அவ பெரிய மனுஷி ஆயிட்டா. நான் என்ன ஆனேன்? ஹீட்டரைப் பார்த்து சூரியன்னு சொன்னவ. கேன்டீன்ல ரெண்டு பையன்க சிரிச்சாங்க, நான் உள்ளே போனதும் நிறுத்தினாங்க. கட்டுரையைத் திரும்பப் பெற்றோம். அந்தக் கடிதத்தை டைப் பண்ணும்போது எனக்குக் கை வரலை, என் வீட்டுக்காரர்தான் அடிச்சுக் கொடுத்தார். பதினாலு மாசம் சர்வீஸ் இருக்கும்போதே எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டேன். வழியனுப்பு விழா வேண்டாம்னுட்டேன்.

நீங்க கேட்கலாம், அவ சொன்னது உண்மையா பொய்யான்னு. உண்மைதான். அதை நான் எப்போ மறுத்தேன்? ஞாயிற்றுக்கிழமை அவ போனதுக்கப்புறம் சாயங்காலமே அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். கண்ணாடித் தாளை மேல வச்சா நிமிஷம் பிசகலை. ஏழுலயும். பார்த்துட்டு திரும்பவும் பிரிட்ஜ் மேலயே வச்சேன். வேற விளக்கம் இருக்கும், யோசிப்போம்னு நினைச்சேன். யோசிக்கிறதுக்கு அவ டைம் கொடுத்தாளா? ரெண்டு மாசம்தான் கொடுத்தா.

அதுக்கப்புறம் அவ என்ன பண்ணினான்னு உங்களுக்கே தெரியும். ரெண்டு வருஷம் உட்கார்ந்து, ஹீட்டர் ஓடின ஒவ்வொரு நிமிஷத்தையும் எடுத்து, என் கருவியோட அளவுல இருந்து அந்தக் காந்தத்தைக் கழிச்சு எடுத்தா. ஆரம்ப நாள்ல இருந்து. அது அவ வேலையே இல்லை. காந்தம் என்னோடது. நான் இல்லைன்னு அவ செஞ்சா. இப்போ உலகத்துல எல்லாரும் அந்தத் திருத்தின அளவைத்தான் எடுத்துக்கிறாங்க.

போன மே மாசம் பெரிய வெடிப்பு வந்துச்சே, நீங்க எல்லாம் வேலையில இருந்திருப்பீங்க. நான் இங்கே இந்த மேஜையில உட்கார்ந்து கம்ப்யூட்டர்ல பார்த்தேன். பொதுவுல போடுற தகவல்தானே, யார் வேணா பார்க்கலாம். காலையில பத்தே கால் மணிக்கு மோதுச்சு. கோடு நிமிர்ந்து ஏறுச்சு பாருங்க, அதுக்கு முன்னாடி ஒரு அழுக்கு இல்லை, ஒரு நடுக்கம் இல்லை. என் கருவிம்மா அது. எட்டு வருஷம் கையில வச்சு வளர்த்தது. அவ்வளவு சுத்தமா அதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. அப்படி இருந்ததுக்கே கோபமாவும் இருந்துச்சு.

மறுநாள் அவ வந்தா. பதினோரு மணி இருக்கும். கேட்டுல நின்னு என் வீட்டுக்காரர்கிட்ட, "கோமு நேத்து பார்த்தாளா அண்ணன்?"னு கேட்கிறது எனக்குக் கேட்குது. நான் தூங்குறேன்னு சொல்லச் சொன்னேன். அவர் பொய் சொல்லத் தெரியாதவர், தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னார். அவ, சரி அண்ணன், தூங்கட்டும்னுட்டுப் போயிட்டா. மூணு வருஷத்துல நாலு தடவை வந்திருக்கா. நாலு தடவையும் நான் பார்க்கலை.

காபி ஆறுது பாருங்க, குடிங்க. சர்க்கரை போதுமா?

இன்னொரு விஷயம். இதை எழுத வேண்டாம். பேனாவை வச்சுடுங்க.

அந்த ஒரு சாண் வயர். கலத்தை மூடுறதுக்கு முன்னாடி காந்த சோதனை நடக்கும். எந்தப் பாகம் காந்தம் உண்டாக்குதுன்னு பார்த்து, சரின்னு கையெழுத்துப் போடுறது யாரு? நான். என் கருவிதானே கெடப்போறது. அன்னிக்கு ஜெசி அந்த இடத்தைக் காட்டினா. "கோமு, கனெக்டர் பக்கம் ஒரு சாண் முறுக்க விட்டுப்போச்சு. பேனலைக் கழற்றி முறுக்கிடுறேன். ரெண்டு நாள் கொடு" அப்படின்னா. வெளியே வண்டி நிக்குது, கலத்தை ஏவுதளத்துக்குக் கொண்டுபோக. நாள் குறிச்சாச்சு. நான்தான் சொன்னேன், ஒரு சாண் வயருக்கு ரெண்டு நாளா, மூடுட்டின்னு. அவ ஒரு தடவைக்கு ரெண்டு தடவை கேட்டா. நான் கையெழுத்துப் போட்டுட்டேன். அந்தச் சோதனைத் தாள் உங்க ஆபீஸ் ரெக்கார்ட் ரூம்ல இன்னும் இருக்கும். அதுல அவ கேட்டது, நான் வேண்டாம்னது, எல்லாம் அவ கையெழுத்துல எழுதியிருக்கும். கீழே என் கையெழுத்து.

அன்னிக்கு நாப்பது பேர் நடுவுல டைரக்டர் கேட்டாரே, யார் பொறுப்புன்னு. அவ அந்தத் தாளைப் பத்தி வாயே திறக்கலை. அன்னிக்கும் சொல்லலை, அப்புறம் வந்த விசாரணைக் குழுவுலயும் சொல்லலை. அவளுக்கு வர வேண்டிய பதவி உயர்வை நிறுத்தினாங்க, அப்பவும் சொல்லலை. நான் அந்த அறையில உட்கார்ந்துக்கிட்டு, சொல்லப் போறா, இப்போ சொல்லப் போறான்னு காத்துக்கிட்டு இருந்தேன். சொல்லியிருந்தா நான் எழுந்து சண்டை போட்டிருப்பேன். அவ என்னை மாட்டிவிட்டா, நான் அவளைத் திட்டினேன், ரெண்டும் சரியாப் போயிருக்கும். ஒரு வருஷத்துல பேசியிருப்போம்.

சொல்லாம விட்டுட்டாளே. அதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுறது? அவளைப் பார்த்து என்ன பேசுறது? தினமும் காலையில எழுந்தா அதுதான் முதல்ல வருது. இது துரோகம் இல்லாம வேற என்னன்னு நீங்களே சொல்லுங்க.

நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். உங்களுக்கு சின்ன வயசு.

மலருக்கு ஏதாவது எழுதணும் இல்ல? கோமதி சங்கரலிங்கம் உடம்பு சரியில்லாததால எழுதலைன்னு போட்டுடுங்க. இல்ல, அது வேண்டாம், அவ பயந்துக்கிட்டு ஓடி வந்துடுவா. ஒண்ணும் போட வேண்டாம்.

அந்தத் தாள் விஷயத்தை நான் உங்ககிட்ட பேசினதா அவகிட்ட சொல்லிடாதீங்க. வெளியே யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்.

கொஞ்சம் இருங்க, செருப்பைப் போடாதீங்க. அவகிட்ட சொல்லணும்னா சொல்லுங்க. நான்தான் சொன்னேன்னு சொல்லுங்க. அவகிட்ட மட்டும். சொல்லிட்டு, அவ என்ன சொன்னான்னு எனக்கு ஒரு போன் பண்ணுங்க.